மார்கழிப் பனியில் வீட்டுத் தோட்டம்: எல்லையோரத்துக் கேள்விகளும் பதில்களும்

கம்பத்திலிருந்து களியக்காவிளை வரை, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதிலுக்குப் போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் குளிர்காலத்தில் பகல் பெரிதாகக் குளிர்வதில்லை, இரவுதான் குளிர்கிறது. அதுவும் ஊருக்கு ஊர் வேறு. ஊட்டியில் விளைகிற ரகத்தை வாங்கி பாலக்காட்டு மொட்டை மாடியில் வைத்துவிட்டு உரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. விதைப் பாக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது ரகத்தின் பெயர்தான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: அக்கா, போன வருசம் காலிஃபிளவர் எட்டுப் பை வச்சேன். ஆறுல இலை மட்டும்தான் ஆள் உயரத்துக்கு வந்துச்சு. ரெண்டுல எலுமிச்சங்காய் அளவு பூ வந்து நின்னுடுச்சு. எரு குறைவா?

எரு குறைவில்லை தம்பி. இவை இரண்டு வேறு கோளாறுகள்.

இலை மட்டும் வந்தது ரகக் கோளாறு. ஸ்னோபால் வகைகளுக்குப் பூக்கட்ட 10 முதல் 16 டிகிரி குளிர் வேண்டும். உங்கள் ஊரில் மார்கழி இரவு கூட அவ்வளவு இறங்காது. அது கிடைக்காத செடி இலை விட்டுக்கொண்டே போகும். 20 டிகிரிக்கு மேலும் பூக்கட்டுகிற குறுகிய கால ரகம்தான் உங்களுக்குச் சரி. பூசா மேக்னா, அல்லது "60 நாள்" என்று போட்டு விற்கிற வீரிய ரகங்களில் ஒன்று எடுங்கள்.

எலுமிச்சங்காய் அளவில் நின்றது நாற்றின் கோளாறு. குழித்தட்டில் 40, 45 நாள் கிடந்து வேர் சுருண்ட நாற்றை நட்டால், இலை பெருக்குவதற்குள் அவசரமாகப் பூத்துவிடும். 25 நாளில், நாலைந்து இலை இருக்கும்போதே நட வேண்டும். நட்ட முதல் மூன்று வாரம் தண்ணீரோ தழைச்சத்தோ தட்டினாலும் இதே கதைதான்.

கணக்கு இப்படி: புரட்டாசி பாதியில் விதை, ஐப்பசியில் நடவு, மார்கழிக் கடைசியில் அறுப்பு. ஐப்பசி அடைமழை நாற்றை அடித்துவிடும் என்பதால் குழித்தட்டுக்கு மேல் பாலித்தீன் கூரை போடுங்கள். ஒரு செடிக்கு ஒரு பை, குறைந்தது ஓரடி அகலம், ஓரடி ஆழம். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு கழுவிய தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மட்கிய தொழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இளம் வேரைக் கருக்கும்.

பூ முட்டை அளவு வந்ததும் வெளி இலைகளைச் சேர்த்து வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். வெயில் பட்டால் பூ மஞ்சளாகும். இரண்டு நாளுக்கொரு முறை பிரித்துப் பாருங்கள். பூவின் மேல் மெல்லிய மயிர் போல எழும்பி, சோற்றுப் பருக்கை மாதிரி பிரியத் தொடங்கினால் அளவு பார்க்காமல் அன்றே அறுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பெரிதாகாது, உதிரத்தான் செய்யும்.

தண்டைப் பிளந்தால் நடுவில் பொள்ளலாகி, பழுப்பேறி இருந்தால் போரான் சத்துக் குறைவு. வெங்காரம் (போராக்ஸ்) லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, நட்ட 30ஆம் நாளும் 45ஆம் நாளும் இலையில் தெளிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். போரான் கூடினால் இலை ஓரம் தீய்ந்துபோகும்.

இன்னொன்று, உங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் கவனிக்க. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசுகிற கிழக்குக் காற்று வெயிலை விட வேகமாகப் பையை உலர்த்தும். கிழக்குப் பக்கம் நிழல்வலை கட்டி, பைமண் மேல் காய்ந்த இலை இரண்டு அங்குலம் பரப்பிவிடுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: முட்டைக்கோஸ் இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. பச்சையாகச் சின்னப் புழு, தொட்டால் நூல் விட்டுத் தொங்குகிறது.

வைரமுதுகுப் புழு. பி.டி. என்று விற்கிற, புழுவைக் கொல்லும் பாக்டீரியாத் தூள் லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம், இலையின் அடியில் படும்படி அடியுங்கள். வெயிலில் அடித்தால் அதன் வீரியம் போய்விடும். கோஸ் இலை மெழுகு பூசியது போலிருப்பதால் மருந்து உருண்டு விழும். காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்தால் ஒட்டும். ஐந்தாறு நாள் கழித்து மறுபடி ஒரு முறை.

களியக்காவிளையிலிருந்து: காரட் போட்டால் கால் கால் ஆகப் பிரிகிறது. நிறமும் வெளுப்பு.

கால் பிரிவதற்குக் காரணம் மூன்றில் ஒன்று: நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டது, மண்ணில் கல், மட்காத சாணம். காரட்டை எங்கே வளர்க்கப் போகிறோமோ அங்கேயே விதைக்க வேண்டும். ஆணிவேரின் நுனி ஒருமுறை முறிந்தால் பிறகு அது நேராக இறங்காது. சலித்த மண், மணல் சரிபாதி, ஓரடி ஆழம். போன பயிருக்கு எரு போட்ட மண்ணே போதும், புதிதாக வேண்டாம். முளைக்கப் பத்து நாளுக்கு மேல் ஆகலாம். அதுவரை மேல்மண் காயக்கூடாது, ஈரச் சாக்கு போட்டு மூடி, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். விரல் உயரம் வந்ததும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று விட்டு மற்றதைக் கலைத்துவிட வேண்டும். மனசு வராதுதான், ஆனால் கலைக்காவிட்டால் எல்லாமே சுண்டுவிரல்.

வெளுப்புக்கு மருந்தில்லை. 15 முதல் 20 டிகிரியில்தான் காரட்டில் நிறம் நன்றாக ஏறும். கடலோர இரவில் அந்தக் குளிர் கிடைப்பது அபூர்வம். உண்மையைச் சொன்னால் உங்கள் ஊருக்குக் காரட்டை விட முள்ளங்கி, தட்டைப்பயறு, சிறகு அவரை மேல். செம்மண் சரளை நிலமென்றால் புளிப்பு இருக்கும், விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே பைக்கு 50 கிராம் டோலமைட் கலந்து நனைத்து வையுங்கள்.

செங்கோட்டையிலிருந்து: சித்திரையில் போட்ட பந்தல் அவரை வீட்டையே மூடிவிட்டது, ஒரு பூ இல்லை. வெட்டிப் போடலாமா அக்கா?

வெட்டாதீங்க. பழைய கொடி அவரை ரகங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். எவ்வளவு சீக்கிரம் ஊன்றினாலும் ஐப்பசி, கார்த்திகைக்குத்தான் பூ. ஆடியில் ஊன்றினாலும் அதே சமயத்தில்தான் பூக்கும், மூணு மாசத் தண்ணீர் மிச்சம். இப்போது தழைச்சத்தை நிறுத்தி, நுனிகளைக் கிள்ளி, பந்தலின் அடியில் வெளிச்சம் விழும்படி இலை கலையுங்கள். பூங்கொத்தில் கறுப்பாக அசுவினி மொய்த்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பிறகும் வந்தால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புடன்.

கம்பத்திலிருந்து: வீட்டு முற்றத்தில் பன்னீர் திராட்சைக் கொடி, மூணு வருசம். நிழல் தருது, பழம் தரலை. மழை வந்தால் இலையில் எண்ணெய் பட்ட மாதிரி புள்ளி.

புவிசார் குறியீடு வாங்கின திராட்சை விளையும் ஊரில் இருந்துகொண்டு நிழலுக்கு வளர்க்கிறீர்கள்! கவாத்து செய்யாத கொடி இப்படித்தான் இருக்கும். மார்கழியில் வெட்டினால் சித்திரை வாக்கில் பழம், வைகாசியில் வெட்டினால் ஆவணி வாக்கில்.

வெட்டும் முன் பத்து நாள் தண்ணீர் விடாதீர்கள். பச்சைத் தண்டில் வெட்டிப் பயனில்லை, பென்சில் கனத்தில் பழுப்பேறி முற்றிய கிளைகளில்தான் பழம் வரும். அடியிலிருந்து நாலைந்து கண் (தளிர் கிளம்பும் மொட்டு) விட்டு, கடைசிக் கண்ணுக்கு அரை அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். மிச்சமிருக்கிற இலை எல்லாவற்றையும் உருவிவிட வேண்டும். வெட்டிய இடத்தில் நீர் சொட்டினால் பயப்படாதீர்கள், தானே நிற்கும். புதுத் தளிரில் இலைக்கு எதிர்ப்பக்கம் பூங்குலை தெரியும். இரண்டு வாரத்தில் குலை இல்லாத தளிர்களில் பாதியைக் கிள்ளிவிடலாம்.

எண்ணெய்ப் புள்ளி அடிச்சாம்பல் நோய். இலையைத் திருப்பினால் வெள்ளைப் பூஞ்சை தெரியும். இதற்கு ஒரு சத போர்டோ கலவை: மயில்துத்தம் 50 கிராம் இரண்டரை லிட்டர் தண்ணீரில், சுட்ட சுண்ணாம்பு 50 கிராம் இன்னொரு இரண்டரை லிட்டரில், இரண்டும் பிளாஸ்டிக் வாளியில். துத்தத்தைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றினால் கட்டிப்படும். பிறகு துருவில்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, அப்படியே அடித்தால் இலை கருகும். சுண்ணாம்புத் தெளிவு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கத்தி வெள்ளையாகவே வரும்வரை பாருங்கள். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும், மறுநாளுக்கு ஆகாது. பழம் நிறம் மாறத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

கோவிந்தாபுரத்திலிருந்து: மிளகாய் இலை சுருளுது. வேப்பெண்ணெய் அடிச்சுப் பார்த்துட்டேன்.

எந்தப் பக்கம் சுருளுகிறது என்று சொல்லவில்லையே. மேல்நோக்கித் தோணி மாதிரி மடங்கினால் இலைப்பேன். வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கொழுந்தைத் தட்டினால் ஊசி முனை அளவில் ஓடும். நீலநிற ஒட்டும் அட்டை, வாரம் ஒரு முறை வேப்பெண்ணெய். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு எலிவால் போலானால் சிலந்திப்பேன். அதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்கக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும். இலை சிறுத்து, மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக இருந்தால் வைரஸ், செடியைப் பிடுங்கிப் போடுவதுதான் வழி.

குமுளியிலிருந்து: ஸ்ட்ராபெரி நட்டேன், நடுக்குருத்து அழுகிறது.

ஆழமாக நட்டிருப்பீர்கள். இலைகள் கிளம்புகிற அந்தக் குருத்து மண்மட்டத்தில் நிற்க வேண்டும். புதைந்தால் அழுகும், தூக்கி நின்றால் வேர் காயும். தண்ணீர் காலையில், ஓரமாக. அடியில் வைக்கோல் போட்டால் பழம் மண்ணில் படாது. காய்க்கும் சமயத்தில் ஓடுகிற கொடிகளை நறுக்கிவிடுங்கள்.

போடியிலிருந்து: மாமரம் பூத்திருக்கு, தண்ணீர் விடலாமா?

காய் பட்டாணி அளவு வரட்டும், பிறகு விடுங்கள்.

வாளையாரிலிருந்து: தை பாதியாகிவிட்டது. இனி என்ன போடலாம்?

கோஸ், காலிஃபிளவர் வேண்டாம். முள்ளங்கி போடலாம், பூசா சேத்கி சூடு தாங்கும், 45 நாளில் பிடுங்கலாம். வெள்ளரி, சுரை, பாகல், தர்பூசணிக்கு இதுவே சமயம். இரவுக் குளிரில் பாகல் விதை மண்ணிலேயே கிடந்து அழுகிவிடும். ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து அடுப்படி ஓரம் வையுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் அரை அங்குல ஆழத்தில் ஊன்றலாம்.