டோல்கேட்டும் நம்பர் பிளேட்டும்: வாசகர் கேள்வி, நம் பதில்

போன இதழில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை டோல்கேட்டைப் பற்றி ஒரு பதிலில் லேசாகத் தொட்டதுதான், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு மாவட்டத்திலிருந்தும் கடிதமும் வாட்ஸ்அப்பும் வந்து குவிந்துவிட்டன. பழைய வட ஆற்காடு முழுக்க வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரே மனக்குறைதான் போலிருக்கிறது. அதனால் இந்த முறை வேறு கேள்விகளுக்கு இடமில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஃபாஸ்டேக்கில் 800 ரூபாய்க்கு மேல் இருந்தது. ஒரு டோல்கேட்டில் மெஷின் படிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரே ஹார்ன் சத்தம். “டேக் வேலை செய்யல சார், டபுளா கட்டுங்க” என்றார்கள். கட்டிவிட்டு வந்தேன். இது நியாயமா?
*வாசகர், பள்ளிகொண்டா*

நியாயமில்லை, சட்டப்படியும் சரியில்லை. டேக் செல்லுபடியாக இருந்து, பணமும் இருந்து, சாவடியின் கருவிக் கோளாறால் படிக்க முடியாமல் போனால் காசு வாங்காமல் வண்டியை விட வேண்டும், பூஜ்ய ரூபாய் என்று ஒரு ரசீதும் தர வேண்டும் என்று 2018 மே மாதமே மத்திய அரசு அறிவிக்கை போட்டிருக்கிறது. இரண்டு மடங்கு என்பது டேக் இல்லாதவருக்கும், செல்லாத டேக் வைத்திருப்பவருக்கும்தான். அதிலும் 2025 நவம்பர் 15 முதல் ரொக்கமாகக் கொடுத்தால்தான் 2 மடங்கு, யு.பி.ஐ.யில் கட்டினால் 1.25 மடங்கு. இந்த இரண்டாவது கணக்கை கவுன்ட்டரில் யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆனால் கோளாறு கருவியிலா டேக்கிலா என்பதில்தான் சண்டையே. அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. லேனுக்கு மேலே இருக்கிற ஆன்டெனா 865-லிருந்து 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலையை அனுப்புகிறது, அந்த அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கிற சிப் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. அப்புறம் அந்த எண் நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் வைத்திருக்கும் பட்டியலோடு ஒத்துப் பார்க்கப்படுகிறது. ஆக, தப்பு நடக்க இரண்டு இடம் உண்டு. எண்ணே வரவில்லை என்பது ஒன்று. எண் வந்துவிட்டது, ஆனால் பட்டியலில் ‘பிளாக்லிஸ்ட்’ என்று இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதாக இருந்தால் கேட்டில் நின்று வாதாடிப் பயனில்லை, பேங்கில்தான் பேச வேண்டும்.

முதலாவது என்றால் விடாதீர்கள். கையில் ஸ்கேனரோடு ஒரு பையன் நிற்பான், கண்ணாடிக்கு நேராகக் காட்டச் சொல்லுங்கள். அதில் ‘பீப்’ கேட்டால் டேக் நன்றாக இருக்கிறது, மேலே தொங்குகிற கருவிக்குத்தான் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அதிலும் படிக்கவில்லை என்றால் டேக் போயிருக்கக்கூடும். பழைய கண்ணாடியிலிருந்து உரித்து புதுசில் ஒட்டிய டேக் பெரும்பாலும் உழைக்காது, உரிக்கும்போதே உள்ளே ஆன்டெனா கிழிந்துவிடும். சன் ஃபிலிம் மேல் ஒட்டியதும் அப்படித்தான் மக்கர் பண்ணும். ஃபோனில் பேங்க் ஆப்பைத் திறந்து, டேக் ஆக்டிவ், இருப்பு இவ்வளவு என்று காட்டி, பூஜ்ய ரசீது கேளுங்கள். தர மறுத்தால் லேன் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்குப் போன் போடுங்கள். நீங்கள் ஏற்கெனவே கட்டிய பணத்துக்கும் ரசீதை வைத்து அதே எண்ணில் புகார் பதியலாம்.

கார் வீட்டு வாசலில் நிற்கிறது, நானும் வீட்டில்தான் இருக்கிறேன். “ஃபாஸ்டேக்கில் பணம் பிடிக்கப்பட்டது” என்று மெசேஜ் வருகிறது. பேய் ஓட்டுகிறதா?
*வாசகி, குடியாத்தம்*

பேய்க்கு ஃபாஸ்டேக் தேவையில்லை அம்மா. முதலில் மெசேஜில் இருக்கிற தேதி நேரத்தைப் பாருங்கள். முந்தாநாள் நீங்கள் தாண்டிப் போனது, நெட்வொர்க் தாமதத்தால் இன்று கழிக்கப்பட்டிருக்கலாம். இதுதான் அடிக்கடி நடப்பது.

அது இல்லையென்றால், யாரோ ஊழியர் டேக் படிக்காத ஒரு வண்டிக்குக் கையால் நம்பர் அடித்திருக்கிறார், ஒரு இலக்கம் மாறி உங்கள் வண்டியாகிவிட்டது. இப்படித் தவறாகப் பிடிக்கும் ஒவ்வொரு முறைக்கும் சாவடி நடத்துகிறவருக்கு 1 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ அபராதம் போடுவதாக நெடுஞ்சாலை ஆணையம் அறிவித்திருக்கிறது, அதனால் புகாரை அலட்சியமாக நினைக்க வேண்டாம். டேக் வாங்கிய பேங்கில் ‘டிஸ்ப்யூட்’ போடுங்கள், 1033-லும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் லேன் கேமரா எடுத்த படத்தைக் கேளுங்கள். அதில் நிற்பது உங்கள் கார் இல்லையென்றால் பணம் திரும்ப வரும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் விஷயமே. படத்தில் வேறு கார், ஆனால் பிளேட்டில் உங்கள் நம்பர் என்றால் யாரோ உங்கள் நம்பரை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, மனு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 90 ரூபாய்க்காகவா என்று யோசிக்க வேண்டாம். நாளைக்கு அந்த வண்டி எங்காவது யாரையாவது இடித்துவிட்டுப் போனால் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

கேமரா எப்படி நம்பரைப் படிக்கிறது? என் மாமா புல்லட்டில் தமிழில் நம்பர் எழுதி வைத்திருக்கிறார், கேமராவில் மாட்ட மாட்டேன் என்கிறார்.
*கல்லூரி மாணவர், ஆரணி*

மாமாவிடம் சொல்லுங்கள், கேமராவில் மாட்டாவிட்டாலும் சத்துவாச்சாரி சிக்னலில் நிற்கிற டிராஃபிக் போலீஸிடம் மாட்டுவார். மோட்டார் வாகன விதிப்படி பதிவெண் ஆங்கில எழுத்திலும் நாம் வழக்கமாக எழுதுகிற 1, 2, 3 எண்களிலும்தான் இருக்க வேண்டும். கோணல் எழுத்து, பூப்போட்ட எழுத்து எதுவும் கூடாது. தமிழ்ப் பற்றைக் காட்ட வண்டியில் வேறு எத்தனையோ இடம் இருக்கிறது.

இந்தத் தொழில்நுட்பம் புதிது என்று நினைக்காதீர்கள். 1976-லேயே இங்கிலாந்தில் போலீஸ் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றில் உருவாக்கியது. கேமராவோடு அகச்சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும், அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது. பிளேட்டின் வெள்ளைப் பரப்பு வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், கறுப்பு எழுத்து அனுப்பாது. அதனால் நடுராத்திரியிலும், எதிரே ஹெட்லைட் அடித்தாலும் எழுத்து மட்டும் தனியாக நிற்கும். படத்தில் பிளேட் எங்கே இருக்கிறது என்று மென்பொருள் கண்டுபிடித்து, சாய்ந்திருந்தால் நிமிர்த்தி, எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றும் என்ன, எவ்வளவு நிச்சயம் என்று மதிப்பெண் போடும். வடிவமும் அதற்குத் தெரியும்: டி.என். என்றால் அடுத்து இரண்டு எண், 23 வேலூர், 73 ராணிப்பேட்டை, 25 திருவண்ணாமலை, அப்புறம் எழுத்து, கடைசியில் நாலு எண். பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பக்கூடாது என்றுதான் ‘ஓ’, ‘ஐ’ எழுத்துகளை வரிசையில் தருவதே இல்லை. நிச்சயம் குறைந்தால் படம் ஒரு ஆளின் திரைக்குப் போகும், அவர் பார்த்து அடிப்பார்.

இவ்வளவு செய்தும் நம் ஊரில் அது தோற்கிற இடம் எது தெரியுமா? ஸ்ரீபுரம் பொற்கோயில் பார்க்கிங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்று பிளேட்டுகளை மட்டும் பாருங்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து நம்பரின் நாலு மூலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் குங்குமம். பம்பரில் கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் கடைசி எண்ணுக்கு நேராகத் தொங்கும். ஒரு காரில் 3-க்குள் இருக்கிற சந்தில் கறுப்பு ஸ்க்ரூவை முடுக்கியிருந்தார்கள், பத்தடி தள்ளி நின்றால் அது சுத்தமான 8. அந்த 8 நம்பர்க்காரர் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு மேலே குடியாத்தம் வாசகி கேட்ட அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார். சந்தனத்தை பானட்டில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு பிளேட் கம்பெனியிலிருந்தே வருகிறது. அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரில் பொறித்த எண், ஒரே மாதிரி எழுத்து எல்லாம் அதில் உண்டு. அதைக் கழற்றிவிட்டு அழகுக்காக வேறு பிளேட் மாட்டுகிறவர்களை என்ன சொல்வது!

டோல்கேட்டையே எடுத்துவிடப் போகிறார்களாமே? சாட்டிலைட்டில் காசு பிடிப்பார்கள் என்கிறார்கள்.
*வாசகர், காட்பாடி*

சாட்டிலைட் கதை 2025 ஏப்ரலில் பெரிதாகப் பரவியது, மே 1 முதல் அமல் என்று. அப்படி எந்த முடிவும் எடுக்கவில்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே மறுத்துவிட்டது. வருவது வேறு: சாலைக்குக் குறுக்கே ஒரு இரும்பு வளைவு, அதில் ஃபாஸ்டேக் ரீடரும் நம்பர் பிளேட் கேமராவும், கீழே கேட் கிடையாது, வண்டி வேகம் குறைக்காமல் போகும். இதற்கான முதல் ஒப்பந்தம் 2025 ஆகஸ்டில் குஜராத்தில் சூரத் பக்கம் இருக்கிற சோரியாசி சாவடிக்குப் போடப்பட்டது. நம் வேலூர் வழியாகப் போகிற அதே 48-ம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் அது, டெல்லியில் ஆரம்பித்து இங்கே வருகிறது. வெளிநாட்டில் இது பழைய சங்கதி. கனடாவின் டொரன்டோவில் 407 நெடுஞ்சாலை 1997-லிருந்து கேட் இல்லாமல்தான் ஓடுகிறது. லண்டன் நகருக்குள் நுழையும் கார்களுக்கு 2003 பிப்ரவரியிலிருந்து கேமராவை வைத்தே கட்டணம் வாங்குகிறார்கள்.

கேட் இல்லையென்றால் காசு கட்டாமல் ஓடிவிடலாமே என்று நினைக்கத் தோன்றும். நம்பரை வைத்து நோட்டீஸ் வரும். டோல் பாக்கி இருக்கிற வண்டிக்குத் தடையில்லாச் சான்றும் தகுதிச் சான்றும் கிடைக்காதபடி 2026 ஜனவரியில் விதியைத் திருத்தியும் விட்டார்கள். என் பயம் ஓடுகிறவரைப் பற்றி இல்லை. ஆர்.சி.யில் பழைய மொபைல் நம்பர் இருக்கிறவர்களைப் பற்றி. நோட்டீஸ் செத்துப்போன சிம்முக்குப் போகும், எஃப்.சி.க்குப் போகிற அன்றைக்குத்தான் பாக்கியே தெரியும். வண்டிப் பதிவு விவரங்களுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் போய் இன்றைக்கே நம்பரை மாற்றுங்கள்.

வருட பாஸ் வாங்கலாமா, உள்ளூர் பாஸ் வாங்கலாமா?
*வாசகர், வாலாஜாபேட்டை*

தினமும் சென்னசமுத்திரம் சாவடி ஒன்றை மட்டும் தாண்டி வேலைக்குப் போய் வருகிறவர் என்றால் உள்ளூர் பாஸ்தான். சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வீடு, சொந்த உபயோக வண்டி, மாதம் சுமார் 350 ரூபாய், எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், ஆனால் அந்த ஒரு சாவடிக்கு மட்டும்.

வருட பாஸ் 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்குத் தொடங்கியது. ஒரு வருடம் அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. இங்கே ‘பயணம்’ என்றால் ஒரு சாவடியை ஒரு முறை தாண்டுவது. வேலூரிலிருந்து சென்னை போனால் சென்னசமுத்திரம், நெமிலி என்று இரண்டு, திரும்பி வர இரண்டு, ஆக நாலு கழியும். அப்படி 50 தடவை சென்னை போய் வரலாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை போகிறவர்களுக்கும் வல்லம் டோல்கேட்டில் இது செல்லும். ஒரே ஒரு சாவடியைத் தினசரி போக வர என்று வைத்தால் நூறே நாளில் தீர்ந்துவிடும். சென்னை வெளிவட்டச் சாலை போன்ற மாநில அரசுச் சாலைகளில் செல்லாது, அங்கே ஃபாஸ்டேக் இருப்பிலிருந்து சாதாரணமாகக் கழியும். மஞ்சள் போர்டு வண்டிக்கும் இந்த பாஸ் கிடையாது. ராஜ்மார்க்யாத்ரா ஆப்பிலோ ஆணையத்தின் தளத்திலோ மட்டும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற லிங்க்கைத் தொடவே தொடாதீர்கள்.

காரை விற்று ஆறு மாதம் ஆகிறது. செலான் எனக்கே வருகிறது, டோல் காசும் என் கணக்கில்தான் போகிறது.
*வாசகர், ஆம்பூர்*

டேக்கைக் கண்ணாடியோடு விட்டுவிட்டு வண்டியைக் கொடுத்திருக்கிறீர்கள். பேங்கில் சொல்லி இன்றே மூடுங்கள், மிச்ச இருப்பு உங்களுடையது. அடுத்து, விற்ற 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் ஓனர், “நான் பிரதருக்கு வித்துட்டேன்” என்பதெல்லாம் எடுபடாது. வாங்கியவரைக் கூட்டிக்கொண்டு போய் படிவம் 29, 30 கொடுத்து முடியுங்கள். கேமரா செலான் என்றால் அதில் படம், இடம், நேரம் இருக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் அனுப்பியிருக்க வேண்டும் என்று 2021 விதி சொல்கிறது. அந்தத் தேதியில் வண்டி உங்களிடம் இல்லை என்பதற்கு விற்பனை ஒப்பந்தத்தின் நகலை வைத்திருங்கள்.

டேக்கை ஒட்டாமல் டேஷ்போர்டில் வைத்து, தேவைப்படும்போது கையில் எடுத்துக் காட்டுகிறேன். தப்பா?
*வாசகர், ராணிப்பேட்டை*

தப்பு. கையில் பிடித்துக் காட்டும் டேக்குகளை பிளாக்லிஸ்ட் செய்யச் சொல்லி 2025 ஜூலையிலேயே சாவடிகளுக்கு உத்தரவு போயிருக்கிறது. ஒரே டேக்கை இரண்டு வண்டிக்கு மாற்றி மாற்றிக் காட்டுகிற கில்லாடிகளால் வந்த வினை இது. கண்ணாடியின் உள்பக்கம், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

எங்கள் டிராக்டருக்கு டோல் உண்டா?
*விவசாயி, அணைக்கட்டு*

கிடையாது. பைக், ஆட்டோ, டிராக்டர், மாட்டு வண்டி நாலுக்கும் விலக்கு உண்டு. ஓரத்து லேனில் போங்கள். கேட்டில் நிறுத்தினால் இறங்கி நிதானமாகச் சொல்லுங்கள், அப்படியும் காசு கேட்டால் 1033.