பாட்டுத் திறமை பிறவியா, முன்வினையா, சாதகப் பயிற்சியா?

கேள்வி: தொடக்கநிலை 3 படிக்கும் மகள் ஒன்றரை ஆண்டாகப் பாட்டு வகுப்புக்குப் போகிறாள்; இன்னும் சுருதி சேரவில்லை. கூடச் சேர்ந்த வகுப்புத்தோழி, சுரப் பயிற்சிகளுக்கு அடுத்து வரும் எளிய பாட்டான கீதத்துக்குப் போய்விட்டாள். "அதெல்லாம் பூர்வ ஜென்மப் புண்ணியம்" என்கிறார் பாட்டி. நிறுத்திவிடலாமா?

பதில்:

அந்தத் தோழி எந்த மாதம் பிறந்தவள் என்று முதலில் விசாரியுங்கள். சிங்கப்பூரில் ஜனவரி 2 முதல் அடுத்த ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ஒன்பது வயதில் பதினொரு மாத இடைவெளி என்றால் அதுவரை வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மூச்சு, கவனம், குரல் கட்டுப்பாடு எல்லாவற்றிலும் அது தெரியும். நாம் வாய் பிளந்து பார்க்கும் 'பிறவித் திறமை'யில் ஒரு பகுதி வெறும் பிறந்தநாள்தான்.

அதற்காகப் பிறவி என்பதே கட்டுக்கதை என்று சொல்லவில்லை. 2014இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களைப் பார்த்தது. சுரம், மெட்டு, தாளம் இவற்றைக் காதால் பிரித்தறிவதில், அதிகம் சாதகம் செய்தவர் தன் ஒத்த இரட்டையரைவிடத் தேறியிருக்கவில்லை. உட்கார்ந்து சாதகம் செய்யும் நாட்டத்திலேயே மரபணுவுக்குப் பெரும் பங்கு இருந்தது. ஆனால் அங்கே அளந்தது காதை. பாடும் தொண்டையை அல்ல. இன்னொரு பக்கம், எந்தச் சுரத்தையும் கேட்டவுடன் பெயர் சொல்லும் ஆற்றல் பிறவி வரம் என்றே பலரும் நினைத்தார்கள். ஜப்பானில் 2 முதல் 6 வயது வரையுள்ள 24 பிள்ளைகளுக்குத் தினமும் அதைப் பயிற்றுவித்தார்கள். பாதியில் நின்ற இருவர் போக, மீதி 22 பேருக்கும் அது வந்தது.

'பத்தாயிரம் மணி நேரம்' சாதகம் செய்தால் எவரும் வித்வான் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உளவியலாளர் எரிக்சன் குழுவினரின் 1993 ஆய்வில், பெர்லினில் பயின்ற சிறந்த வயலின் மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த சாதகத்தின் சராசரி அது. அவர்களில் பாதிப் பேர் அந்த எண்ணை எட்டவே இல்லை.

பாட்டியோடு வாதாட வேண்டாம். ஒரு பிறவியில் கற்றது ஏழு பிறவிக்கும் துணை என்று குறளே (398) சொல்கிறது. சைவ சித்தாந்தக் கணக்குப்படி பார்த்தாலும் இன்று செய்வது ஆகாமியமாக, அதாவது இனிமேல் பலன் தரும் புதிய வினையாகச் சேரும். இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்த பழவினையான பிராரப்தத்தைக் காட்டிச் சாதகத்துக்கு விடுப்பு கேட்க முடியாது. ராமானுஜன் தன் கணக்குகளை நாமகிரித் தாயார் தந்ததாகத்தான் சொன்னார். அதே ராமானுஜன் காகிதம் வாங்க முடியாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டவர். ஔவையார் பெயரில் வழங்கும் வெண்பாவோ சித்திரத்தையும் செந்தமிழையும் பழக்கத்தில் சேர்த்துவிட்டு, நட்பையும் தயையையும் கொடையையும் மட்டும் பிறவிக் குணம் என்கிறது. எனக்கு அந்தப் பிரிவினை சரியாகவே படுகிறது.

இனி உங்கள் மகள். முதல் சந்தேகம் சுருதிப் பெட்டி மேல். கூட்டமாக நடக்கும் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே கட்டைதான் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு). இந்த வயதுப் பெண் பிள்ளைக்கு 5 முதல் 6 கட்டை பெரும்பாலும் ஒத்துவரும். கீழ் ஸ அமுங்கினால் அரைக் கட்டை ஏற்றுங்கள். மேல் ஸ-வில் கழுத்து நரம்பு புடைத்தால் இறக்குங்கள். குரலுக்கு எட்டாத சுருதியில் பாடவைத்துவிட்டு ஞானமில்லை என்பது அநியாயம்.

அடுத்தது, தொடக்கப் பாடங்களைச் சொல்லித்தரும் ராகமான மாயாமாளவகௌளை. இதில் ஸ-வை ஒட்டியே ரி இருக்கிறது. அங்கிருந்து க-வுக்குப் பெரிய தாண்டல். பிள்ளைகள் பயந்து ரி-யைக் கொஞ்சம் மேலே தூக்கிவைத்துக்கொண்டு தாண்டுவார்கள். ஸ ரி க ம-வின் அமைப்புதான் ப த நி ஸ-வுக்கும் என்பதால், ரி ஏறினால் பெரும்பாலும் த-வும் ஏறும். ஆக, காதுக்கு ஏழு சுரமும் பிசகியதுபோல் இருந்தாலும் உண்மையில் பிழை ஒன்றாக இருக்கலாம். ஸ-ரி-ஸ, ப-த-ப மட்டும் மெதுவாகப் பத்துப் பத்து முறை பாடவையுங்கள். கைப்பேசியில் பதிந்து அவளே கேட்கட்டும். சமையலறையிலிருந்து "தப்பு" என்று குரல் கொடுப்பதால் பயனில்லை. "ஏறிடுச்சு", "இறங்கிடுச்சு" என்றால்தான் திருத்த முடியும்.

மூன்றாவதுதான் மிகப் பொதுவானது: தப்பியவுடன் முதலிலிருந்து தொடங்குவது. கணக்குப் பார்த்தால் முதல் வரி இருபது முறை, மூன்றாம் வரி இரண்டே முறை. தப்பிய இடத்துக்கு நாலு சுரம் முன்னால் எடுத்து, மூன்று முறை தொடர்ந்து பிசகாமல் வந்தபின் மேலே போகட்டும். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில் உறுதியாகாததை, வேகமான மூன்றாம் காலத்துக்குக் கொண்டுபோனால் சுரங்கள் கரைந்து வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

நேரம்: தினம் 20 நிமிடம், வாரம் ஐந்தாறு நாள். சனிக்கிழமை வகுப்புக்கு முந்தின இரவு இரண்டு மணி நேரம் பிழிவதைவிட இது மேல்; இடையில் தூங்கி எழும் இரவுகளும் கற்றதை ஊன்றவைக்கும். விடிகாலை நாலு மணிக்கு 'அ' என்று நீட்டிப் பாடும் அகார சாதகம் இங்கே வேண்டாம், அது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) சொல்லும் அமைதி நேரம், அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

பன்னிரண்டு வாரம் இப்படிப் போகட்டும். முதல் வாரப் பதிவையும் கடைசி வாரப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மாற்றமே இல்லையென்றால் கீபோர்டில் அரைக் கட்டை இடைவெளியில் இரண்டு சுரம் வாசித்து, எது மேலே என்று 20 முறை கேளுங்கள். பத்துதான் சரியென்றால் அவள் ஊகித்துச் சொல்கிறாள். இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கேட்டும் அப்படியே இருந்தால், சுரம் பிரிப்பதில் பிறவியிலேயே தடுமாற்றம் உள்ள சிலரில் அவளும் ஒருத்தியாக இருக்கலாம். அப்போதும் தாளக் காது நன்றாக இருப்பதுண்டு. ஆதி தாளம் போட்டபடி இரண்டு காலமும் பிசகாமல் சொல்கிறாளா என்று பார்த்துவிட்டு, மிருதங்க ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள்.