வால்பாறை போறீங்களா? கேளுங்க, தெரிந்ததைச் சொல்கிறேன்

நான் பொள்ளாச்சிக்காரன். 15 வருடமாக பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வால்பாறை ஏறி இறங்குகிறவன். "வயசானவங்க, குழந்தைங்க எல்லாரையும் கூட்டிக்கொண்டு, உடம்பு நோகாமல் மழைக்காட்டைப் பார்க்க முடியுமா?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில்.

சார், அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68. அம்மாவுக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. மூன்று நாள் லீவு இருக்கிறது. வால்பாறை, டாப்சிலிப், பரம்பிக்குளம், அதிரப்பள்ளி நான்கையும் பார்த்துவிடலாமா? – சென்னையிலிருந்து ஒரு மகள்

முதல் வேலையாக அந்தப் பட்டியலில் மூன்றை அடித்துவிடுங்கம்மா. மேப்பில் டாப்சிலிப்பும் வால்பாறையும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி தெரியும். ஆனால் வழி வேறு. வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை இறங்கி, சமவெளியைச் சுற்றி சேத்துமடைக்கு வந்து, அங்கிருந்து மறுபடி மலை ஏற வேண்டும். ஒரு பகலில் பாதி காருக்குள்ளேயே முடிந்துவிடும். அதுவும் டாப்சிலிப்பில் நீங்கள் பெரும்பாலும் பார்க்கப்போவது தேக்கு. கரியன் சோலை போன்ற பசுமைமாறாக் காடு இருக்கிறதுதான், ஆனால் அதைப் பார்க்கக் கால் வேண்டும்.

அம்மாவுக்கு வால்பாறைதான் சரி. ஏனென்றால் அங்கே காட்டைத் தேடி நீங்கள் நடக்க வேண்டியதில்லை. சுமார் 220 சதுர கி.மீ. மேட்டுநிலம், பெரும்பகுதி தேயிலை. நடுநடுவே, வெள்ளைக்காரர்கள் 1890-களில் வெட்ட ஆரம்பித்து, வெட்டாமல் விட்டுப்போன மழைக்காட்டுத் துண்டுகள் 40-க்கும் மேல். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக விலங்குகள் தேயிலைக்குள்தான் வர வேண்டும், ரோட்டைத்தான் கடக்க வேண்டும். அம்மா காரின் முன்சீட்டில் உட்கார்ந்தே காட்டுமாட்டையும் மந்தியையும் பார்த்துவிடலாம்.

மூன்று நாளை இப்படி வைத்துக்கொள்ளுங்க. முதல் நாள் பொள்ளாச்சியில் காலை உணவை முடித்து 8 மணிக்குக் கிளம்பினால், நின்று நின்று போனாலும் மதியச் சாப்பாட்டுக்கு ரூமில் இருக்கலாம். அன்று வேறு எதுவும் வேண்டாம். இரண்டாம் நாள் ஆறு மணிக்கு வராந்தாவில் காபி, ஏழிலிருந்து ஒன்பதரை வரை காரில் மெதுவாக ஒரு சுற்று, மதியம் தூக்கம், மூன்றரைக்கு மேல் இன்னொரு சுற்று. மூன்றாம் நாள் இறக்கம். "இவ்வளவுதானா?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும். ஐந்து வியூ பாயின்ட் பார்க்கிறவர்களுக்கு ஐந்து செல்ஃபி கிடைக்கும். ஒரே வளைவில் முக்கால் மணி நேரம் என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தால்தான் இருவாச்சிப் பறவை கிடைக்கும்.

40 கொண்டை ஊசி வளைவாமே! என் பையன் மருதமலை ஏறினாலே வாந்தி எடுப்பான். – திருப்பூர்

40-தான், குறைக்க முடியாது. வளைவுக்கு வளைவு நம்பர் போர்டு இருக்கும். பையனை எண்ணச் சொல்லுங்க, பார்வை வெளியே இருக்கும், போனில் இருக்காது. போன்தான் வாந்திக்கு முதல் காரணம். இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம், பூரி கூடவே கூடாது. மாத்திரை கொடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, ஆழியாறுக்கு அரை மணி முன்பே கொடுத்துவிடுங்க. முதல் வாந்திக்குப் பிறகு கொடுப்பது வீண்.

9-ஆவது வளைவில் லோம்ஸ் வியூ. அங்கே கண்டிப்பாக நிறுத்துங்க. எல்லோரும் கீழே ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் திரும்பி மேலே பாறையைப் பாருங்க. பல நாள் வரையாடு நின்றுகொண்டிருக்கும். நம் மாநில விலங்கைப் பார்க்க இவ்வளவு சுலபமான இடம் வேறு எனக்குத் தெரியாது. பொரி, பிஸ்கட் நீட்ட வேண்டாம்.

அண்ணா, தங்குவதற்கு எஸ்டேட் பங்களாவா, டவுன் லாட்ஜா, ஹோம்ஸ்டேயா? பட்ஜெட் பரவாயில்லை, பாத்ரூம் சுத்தமாக இருக்கணும். – பெங்களூரு

பட்ஜெட் பரவாயில்லை என்றால் பழைய துரை பங்களாதான், யோசிக்கவே வேண்டாம். தோட்ட மேனேஜர்கள் குடியிருந்த வீடுகள். உயரமான கூரை, அகலமான வராந்தா, பல இடங்களில் சமையல்காரரும் உண்டு. வராந்தாவுக்காகத்தான் பணம் கொடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்க. டவுன் லாட்ஜில் சுத்தமான பாத்ரூம் கிடைக்கும், ஆனால் ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்ட்.

புக் பண்ணும்முன் போட்டோவைப் பார்க்காதீங்க, போனில் கேளுங்க. கடைசி மூன்று கிலோமீட்டர் தார் ரோடா, மண் ரோடா? உங்கள் கார் போகுமா, ஜீப் வைக்கணுமா? ரூமுக்கு எத்தனை படி? கரண்ட் போனால் சுடுதண்ணி வருமா? டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இராத்திரி முழுக்க காருக்குள் குளிரில் சுருண்டு கிடந்த மனிதர்தான் மறுநாள் உங்களை 40 வளைவு இறக்கப்போகிறார்.

ஒருமுறை நான் என் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது "டவுனிலிருந்து பத்தே நிமிஷம் சார்" என்ற பேச்சை நம்பிவிட்டேன். ஜீப்பில் ஒரு மணி நேரம், இடுப்பு ஒடிந்தது. பத்து நிமிஷம் என்று சொன்னவர் எதில் போய் அளந்தாரோ! அன்றிலிருந்து நிமிஷத்தைக் கேட்பதில்லை, கிலோமீட்டரைக் கேட்டுவிட்டு ரோடு எப்படி என்று தனியாகக் கேட்கிறேன்.

படுக்கை விரிப்பு லேசாக ஈரமாக இருக்கிறது என்று மட்டும் சண்டை போடாதீங்க. ஆண்டுக்கு 3,000 மி.மீ.-க்கு மேல் மழை பெய்கிற ஊரில் எதுவுமே முழுசாகக் காயாது.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. வானம் தெளிவு, ரோடு நல்லா இருக்கும், இருவாச்சி கூடு கட்டும் காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும், மண் சரியும், மூடுபனியில் கவர்க்கல் பக்கம் பத்தடி முன்னால் போகிற பஸ் தெரியாது. வயதானவர்களோடு அப்போது வேண்டாம். மழையை மட்டும் பார்க்க வருகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் என்னிடம் கேட்க மாட்டார்கள், கிளம்பி வந்துவிடுவார்கள். மே மாதம் ஊட்டியில் இடம் கிடைக்காதவர்கள் எல்லாம் இங்கே இருப்பார்கள்.

இன்னொன்று: 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. கிளம்பும் முன் வீட்டிலேயே எடுத்துவிடுங்க, ஆழியாறு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு சிக்னல் தேடாதீங்க. பிளாஸ்டிக் பாட்டில் இருந்தாலும் அங்கேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

போன வருடம் போனோம். "சிங்கவால் குரங்கு" என்று டிரைவர் காட்டினார், போட்டோவும் எடுத்தேன். அது கருமந்தி என்கிறார் நண்பர். எது சரி? – மதுரையிலிருந்து ஆசிரியர் ஒருவர்

வாலைப் பாருங்க ஐயா. கருமந்திக்கு உடம்பைவிட நீளமான வால், உச்சந்தலை பழுப்பு. மரத்தின் மேலேயே இருக்கும், ஆளைக் கண்டால் "ஹூ, ஹூ" என்று காடே அதிரக் கத்தும். சிங்கவால் குரங்குக்கு, சோலைமந்தி என்றும் சொல்வோம், வால் குட்டையானது, நுனியில் குஞ்சம். முகத்தைச் சுற்றி நரைத்த தாடி, ஜமீன்தார் மாதிரி. நீங்கள் சொல்கிற இடம் புதுத்தோட்டம் எஸ்டேட் என்றால் சோலைமந்தியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது, ஆனால் இங்கே ரோட்டோரம் உட்கார்ந்து பலாச்சுளை உரித்துக்கொண்டிருக்கும்.

தலைக்கு மேலே இரண்டு மரங்களுக்கு நடுவில் ஊஞ்சல் மாதிரி பட்டையாகத் தொங்குகிறதே, கவனித்தீர்களா? அதுதான் குரங்குப் பாலம். கிளைகள் ஒன்றோடொன்று கோர்த்திருந்த காட்டை ரோடு இரண்டாகப் பிளந்துவிட்டது. கீழே இறங்கிக் கடந்தவை காரில் அடிபட்டுச் செத்தன. அதனால் கட்டினார்கள். ஒருநாள் ஒரு தாய், குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு, பாதிப் பாலத்தில் நின்று கீழே போகிற லாரியை எட்டிப் பார்த்தது. லாரி போனதும் நிதானமாகக் கடந்தது. அங்கே வண்டி வேகம் இருபதுக்கு மேல் வேண்டாம். சிப்ஸ் பாக்கெட் வேண்டவே வேண்டாம், ஒரு பாக்கெட்டுக்காகத் தரையிறங்கப் பழகிய குரங்கு அடுத்த காருக்கு அடியில் போய்விடும்.

இருவாச்சி எங்கே பார்க்கலாம்? – சேலம்

எங்கே என்று கேட்காமல், எப்படி என்று கேளுங்க. காதால்தான். பழைய நீராவி ரயில் கிளம்புகிற மாதிரி "புஸ்... புஸ்..." என்று வானத்தில் சத்தம் கேட்கும், அது இறக்கைச் சத்தம். தூரத்திலேயே கேட்டுவிடும். உடனே தலையைத் தூக்குங்க. கனிந்த ஆலோ அத்தியோ ரோட்டோரம் இருந்தால் அதன் எதிரே வண்டியைப் போட்டுக் காத்திருங்க.

பெரிய இருவாச்சிப் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலைப் பெரும்பாலும் தன் எச்சத்தாலேயே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற கீறல் மட்டும் மிச்சம். மாதக்கணக்கில் உள்ளேதான். ஆண் ஒவ்வொரு பழமாகத் தொண்டையிலிருந்து எடுத்து ஊட்டும். உங்கள் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து அது பக்கத்தில் வராமல் போனால் உள்ளே இருக்கிறவர்கள் பட்டினி. கூட்டைக் காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீங்க. பறக்கும்போது பார்த்தால் போதும். கண் சிவப்பாக இருந்தால் ஆண், வெளிறியிருந்தால் பெண்.

புலி பார்க்க கேரண்டி உண்டா தம்பி?

வண்டலூர்.

அட்டையை நினைத்தாலே என் மனைவிக்கு மயக்கம் வருகிறது. – புதுச்சேரி

காரிலும் வராந்தாவிலும் இருக்கிற வரை அட்டை பெரிதாக வராது. ஈரச் சருகில் இறங்கினால்தான். ஜனவரி, பிப்ரவரியில் மிகவும் குறைவு. இறங்குவதாக இருந்தால் முழங்கால் வரை நெருக்கமாக நெய்த அட்டைச் சாக்ஸ் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்க. தோட்டத்துக்காரர்கள் துணியில் உப்பை முடிந்து நனைத்து காலில் ஒற்றிக்கொள்வார்கள், அதுவும் வேலை செய்யும். கடித்தால் வலிக்காது, ரத்தம் மட்டும் நிற்காமல் கசியும், அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. பிய்த்து எறியாமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளுங்க. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் காட்டுக்குள் இறங்கவே வேண்டாம்.

யானை, சிறுத்தை என்று செய்தியில் வருகிறது. 5 வயதுக் குழந்தையோடு போவது பாதுகாப்பா? – ஈரோடு

பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். சிறுத்தை தாக்கியதில் குழந்தைகளை இழந்த குடும்பங்கள் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருக்கின்றன, அதை மறைத்து உங்களுக்கு ஊரை விற்க எனக்கு மனமில்லை. பொழுது சாய்ந்தால் குழந்தை வீட்டுக்குள், அவ்வளவுதான். தேயிலைச் செடிக்கு நடுவே ஒளிந்து விளையாடவோ, தனியாக முற்றத்துக்கு அனுப்பவோ கூடாது.

யானைக்கு அந்த ஊரில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. காட்டுயிர் ஆய்வு செய்கிற நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆட்களும் வனத்துறையும் தோட்டக்காரர்களும் சேர்ந்து செய்தது. யானை எங்கே நிற்கிறது என்று ஊர்க்காரர்கள் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். சில இடங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும், போனிலிருந்தே எரிய வைப்பார்கள். விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை என்று அர்த்தம். அழகாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பாதீங்க. இராத்திரி "நைட் சஃபாரி போலாம் சார்" என்று ஜீப்காரர் கூப்பிட்டால் மறுத்துவிடுங்க. அது சட்டவிரோதம், மாட்டினால் அபராதம் உங்களுக்கும்தான்.

இறங்கும்போது மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகக் கொச்சிக்குப் போய் ஃபிளைட் பிடிக்கலாமா? – துபாய்

அருமையான காட்டு வழி, எனக்கு ஆழியாறு ரோட்டைவிடப் பிடிக்கும். ஆனால் சாலக்குடி வரை 100 கி.மீ.-க்கு மேல், நடுவில் கடை கண்ணி கிடையாது, சாயங்காலம் செக்போஸ்ட்டை மூடிவிடுவார்கள். காலையிலேயே நுழைந்துவிடணும். ஃபிளைட் அன்று இரவு என்றால் சரி, மதியம் என்றால் ரிஸ்க் எடுக்காதீங்க. யானை ரோட்டில் நின்றால் ஒரு மணி நேரமானாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று. நாங்கள் தங்கிய பங்களாவில் விடியற்காலை யாரோ ஒரு பையன் பாட்டு தெரியாமல் சீட்டியடித்துக்கொண்டே போனான், மூன்று நாளும். வாட்ச்மேனைக் கேட்டால் சிரிக்கிறார். யார் அது? – கும்பகோணம்

சீகாரப் பூங்குருவி! ராகம் ஆரம்பிக்கும், நடுவில் மறந்துபோகும், மறுபடி முதலிலிருந்து வரும். அடுத்த முறை சத்தம் கேட்டதும் போர்வையை உதறிவிட்டு வராந்தாவுக்கு வாங்க. ஓடைப் பக்கம் பாறை மேல் கருப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கும். வெயில் லேசாகப் படட்டும், தோளும் நெற்றியும் நீலமாக மின்னும்.