அக்கா வீட்டுக்கு வந்த பையன் (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

என் அக்காவும் மாமாவும் ஐந்து மாதம் முன்பு ஆறு வயதுப் பையன் ஒருவனை வளர்ப்புப் பராமரிப்பில் ஏற்றுக்கொண்டார்கள். தத்து இல்லை. அவனுடைய அம்மா சிகிச்சையில் இருக்கிறார். நிலைமை சரியானால் அவன் திரும்பிப் போய்விடுவான். பிஸ்கட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். இரவில் அலறுகிறான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தால் அடுத்த இரண்டு நாள் வீடே ரெண்டுபடுகிறது. அக்காவைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ இதுவரை கூப்பிட்டதில்லை. அக்காவின் சொந்த மகளுக்குப் பத்து வயது. அவள் யாரோடும் பேசாமல் ஒடுங்கிப் போயிருக்கிறாள்.

போன மாதம் அக்கா போனில் அழுதாள். "முடியலன்னா திருப்பி அனுப்பிடு, விடுதியில பாத்துக்க ஆள் இருக்கும். அவன் அம்மாவைப் பாக்காம இருந்தாலாவது மறந்து அடங்குவான். எப்படியும் போகப்போற பிள்ளை மேல இவ்வளவு பாசம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவள் படும் பாட்டைப் பார்க்க முடியாமல்தான் சொன்னேன். நான் சொன்னது தவறா? இனி என்ன செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அக்கா மேல் உள்ள பாசத்தில்தான் சொல்லியிருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சொன்னது தவறு. நானும் பல வருடம் முன்பு ஒரு தோழியிடம் கிட்டத்தட்ட இதையே சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் கஷ்டம் எதையும் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். அவள் வீட்டில் எல்லாம் நன்றாகப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அழுவதற்கு இருந்த ஒரு இடத்தையும் நான் மூடிவிட்டேன் என்று புரிய வெகுநாள் ஆயிற்று. அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

முதலில் விடுதி. இந்தக் கேள்வியை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ருமேனியாவின் தலைநகர் புகாரெஸ்டில், 2000-ஆம் ஆண்டு வாக்கில், காப்பகங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளையும் சிறு குழந்தைகளையும் வைத்து சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு தொடர்ந்தது. குடும்பங்களுக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் மனிதர்களோடு ஒட்டுவதிலும் தெளிவாக முன்னேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாக. உங்கள் வீட்டுப் பையன் ஆறு வயதுக்காரன், அந்தக் குழந்தைகளின் நிலைமை வேறு, அது சரி. காப்பகத்தில் வேலை செய்பவர்கள் கெட்டவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆள் மாறி ஆள் வரும் இடத்தில் ஒரு குழந்தை தனக்கென்று யாரையும் பிடித்துக்கொள்ள முடிவதில்லை.

அந்த ஆய்வில் எனக்கு இன்னொரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. அந்த வளர்ப்புக் குடும்பங்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, பணமும் கொடுத்து, அவர்களுக்குத் துணையாகச் சமூகப் பணியாளர்களையும் வைத்திருந்தார்கள். குழந்தைகள் தேறினார்கள் என்றால், அவர்களை வளர்த்தவர்கள் தனியாக விடப்படவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உங்கள் அக்காவுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

அடுத்தது, அம்மாவை மறப்பது. 1960-களின் கடைசியில் பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் என்ற தம்பதி, தாய் பிரசவத்துக்கு மருத்துவமனை போனதால் சில நாள் பிரிந்திருக்க வேண்டிய சிறு குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். குழந்தையின் பழக்கவழக்கங்களை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வந்த பிறகு அம்மாவைப் பற்றி அடிக்கடி பேசினார்கள், அம்மாவின் படத்தைக் காட்டினார்கள். குழந்தைகள் வருந்தினார்கள், ஆனால் உடைந்துபோகவில்லை. அதே சமயம் பதினேழு மாதக் குழந்தை ஒன்று ஒன்பது நாள் ஒரு காப்பகத்தில் இருந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். நாளுக்கு நாள் அது துவண்டுபோயிற்று. கடைசியில் அம்மா வந்து நின்றபோது அவரிடம் போகாமல் அலறியது. கொஞ்ச காலம் போனால் மறந்து அடங்கிவிடும் என்று நாம் நினைக்கிற குழந்தை உள்ளே என்னவாகிறது என்பதை எனக்குக் காட்டியது அந்த ஒன்பது நாள்தான்.

அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து இந்தப் பையன் பொருளைப் போட்டு உடைக்கிறான் என்றால், சந்திப்பு கெடுதல் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவனுக்கு அம்மா கிடைக்கிறாள், ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறாள். ஆறு வயதில் அதைச் சொல்ல வார்த்தை ஏது? கைதான் பேசும். அம்மாவைப் பார்த்து அவன் பயப்படுகிறானா, அங்கே ஏதாவது நடக்கிறதா என்பதை அக்கா கவனித்து, அவனுக்குப் பொறுப்பான சமூகப் பணியாளரிடம் சொல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தச் சந்திப்பு அவனுடைய உரிமை. 1989-இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குழந்தையின் நலனுக்கு எதிராக இல்லாதவரை பெற்றோரோடு தொடர்பு வைத்திருக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. சந்திப்பு நாளில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே பெரிய உதவி. விருந்தாளி வேண்டாம், கடைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். "எப்படி இருந்துச்சு, அம்மா என்ன சொன்னாங்க?" என்று துருவவும் வேண்டாம். வீடு அமைதியாக இருந்தால் போதும்.

பிஸ்கட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாமல் வாழ்ந்த குழந்தைகள் இப்படிச் சேர்த்து வைப்பது மிகச் சாதாரணம். அது திருட்டு இல்லை. அலமாரியைப் பூட்டினால் அவன் பயம் உண்மை என்றாகிவிடும். அவன் பெயரில் ஒரு டப்பா வைத்து, அவன் கண்ணெதிரே தினமும் நிரப்பி, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விட்டுவிடுவதைத்தான் அனுபவப்பட்ட வளர்ப்புப் பெற்றோர் பலர் செய்கிறார்கள். மாதக்கணக்கில் ஆகலாம்.

கூப்பிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. "அம்மா"ன்னு கூப்பிடு என்று யாரும் அவனை நெருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அம்மா இருக்கிறாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும்.

போகப்போகிற பிள்ளை மேல் எதற்குப் பாசம் என்ற மூன்றாவது கேள்விதான் உங்கள் அக்காவை அதிகம் காயப்படுத்தியிருக்கும். அவள் ஒவ்வொரு நாளும் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அது. அளந்து வைத்த பாசத்தைக் குழந்தை எளிதில் கண்டுபிடித்துவிடும். ஒருவரை நம்பிப் பழகிய குழந்தைக்கு அடுத்தவரை நம்பவும் கொஞ்சம் தெம்பு இருக்கும். அவன் தன் அம்மாவிடம் திரும்பும்போது அந்தத் தெம்போடுதான் திரும்ப வேண்டும். அதற்கான விலையை உங்கள் அக்கா கொடுப்பாள். அவன் போன பிறகு அவள் அழுவாள், அதைத் துக்கம் என்று யாரும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களில், வளர்ப்புப் பெற்றோருக்கான உதவியும் ஆலோசனையும் குழந்தை வருவதற்கு முன்பும், இருக்கும்போதும், போன பிறகும் கிடைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் "போன பிறகும்" என்ற இடத்தில் பெரும்பாலும் ஆளே இருப்பதில்லை. நீங்கள் இருங்கள்.

இப்போதைக்கு உங்களால் ஆகிற உதவி அக்காவின் மகளிடமிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெற்ற பிள்ளைகளைப் பற்றி இந்த வீடுகளில் யாரும் கேட்பதில்லை. அவளுடைய அறை, அவளுடைய பொம்மை, அவளுடைய அம்மா என்று எல்லாம் ஒரே நாளில் பாதியாகிவிட்டது. கோபப்பட்டால் கெட்ட பெண் என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். வாரத்தில் ஒரு நாள் அவளை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பையனைப் பற்றிக் கேட்காதீர்கள். அவளாகப் பேச ஆரம்பித்தால், "அவன் பாவம்ல" என்று அடக்காமல் முழுக்கக் கேளுங்கள்.

அக்கா தூங்கியிருக்க மாட்டாள். இரவில் அலறும் குழந்தையோடு ஐந்து மாதம் என்றால் யாருக்கும் பொறுமை தேய்ந்துவிடும். அப்புறம் தன் மேலேயே வெறுப்பு வரும். அவள் இரண்டு மணி நேரம் தூங்குவதற்கு நீங்கள் வீட்டில் இருக்கலாம். பையனைத் தனியாக உங்கள் பொறுப்பில் விடலாமா என்பதற்கு இடத்துக்கு இடம் விதி வேறு. அதை அவனுடைய பணியாளரிடம் முதலில் அக்காவைக் கேட்கச் சொல்லுங்கள். விட அனுமதி இல்லையென்றாலும் துணி மடிக்கலாம், பாத்திரம் கழுவலாம், பள்ளிக்கான படிவங்களை நிரப்பலாம்.

அவன் ஏன் அம்மாவைப் பிரிந்தான், அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அக்காவைக் கேட்காதீர்கள். உறவினர்கள் கேட்டால் பேச்சை மாற்றுங்கள். அந்தக் கதை அவனுடையது. அவன் முகம் தெரியும் படம் எதையும் யாரும் இணையத்தில் போட வேண்டாம். வீட்டில் வைத்துக்கொள்ள மட்டும், பணியாளர் சரி என்றால், படம் எடுத்து வையுங்கள். பல் விழுந்த நாள், முதன்முதலாக சைக்கிள் ஓட்டிய நாள் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டினால், பின்னால் அவன் இந்த மாதங்களைக் கேட்கும்போது கையில் கொடுக்க ஏதாவது இருக்கும். வீடு மாறும் குழந்தைகள் பலர் தங்கள் துணிமணியைக் குப்பைப் பையில் அடைத்துக்கொண்டு போகிறார்கள். அவனுக்கென்று நல்ல பை ஒன்று இப்போதே வாங்கிக் கொடுங்கள், கிளம்பும் நாளில் வேண்டாம். அன்று கொடுத்தால் அனுப்பி வைக்கிற மாதிரி ஆகிவிடும்.

அக்காவிடம் நீளமாக மன்னிப்புக் கேட்க உட்காராதீர்கள். உங்களைத் தேற்றும் வேலையும் அவள் தலையில் விழும். "அன்னைக்கு நான் சொன்னது தப்புக்கா" என்று ஒரு வரி போதும். கூடவே, "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லாமல், "சனிக்கிழமை மூணு மணிக்கு வர்றேன், பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டு ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடுறேன்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அடுத்த சனிக்கிழமையும்.

அன்புடன்.