பையன் கேமும் கடை கணக்கும் ஒரே கம்ப்யூட்டர்ல, என்ன பண்ணலாம்?

"சார், கடை பில்லிங்கும் பையனோட கேமும் ஒரே விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்ல தான். அவன் எதையாவது இன்ஸ்டால் பண்ணிடுறான், ஒரே விளம்பரமா வருது, ரெண்டு தடவை ஃபார்மேட் பண்ணியாச்சு. எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?"

ஆன்டிவைரஸ்க்கு காசு போடாதீங்க சார், விண்டோஸ் கூடவே வர்ற டிஃபெண்டர் உங்களுக்கு போதும். விண்டோஸ் போட்டதும் முதல்ல உருவாகுறது அட்மின் அக்கவுன்ட், அதாவது எதை வேணா மாத்துற முழு அதிகாரம் உள்ளது, ஃபார்மேட் பண்ணவர் அதை அப்படியே குடுத்துட்டு போயிருப்பாரு, நீங்களும் பையனும் அதுலயே ஓட்டிட்டு இருப்பீங்க, பிரச்சனையே அதான். இன்ஸ்டால் பண்றப்ப ஸ்கிரீன் மங்கி ஒரு பாக்ஸ் வரும்ல, அட்மினா இருந்தா எஸ் தட்டினா போதும் உள்ள போயிடும், அதிகாரம் கம்மியான ஸ்டாண்டர்டு அக்கவுன்ட்டா இருந்தா அதே பாக்ஸ் அட்மின் பாஸ்வேர்டு கேட்டு நிக்கும்.

செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் புதுசா ஒரு அக்கவுன்ட் போட்டு அதை அட்மினா மாத்துங்க. அதுல ஒரு தடவை லாகின் பண்ணி பாத்துட்டு, அப்புறமா தான் நீங்க இப்ப யூஸ் பண்றதை ஸ்டாண்டர்டா இறக்கணும், இந்த வரிசை முக்கியம். பையனுக்கு தனியா ஒரு ஸ்டாண்டர்டு. மூணுக்கும் வேற வேற பாஸ்வேர்டு. சில கேமு பாஸ்வேர்டே கேக்காம அவன் யூசர் ஃபோல்டர்லயே இன்ஸ்டால் ஆகும், ஆகட்டும், ரொம்ப குப்பையானா அந்த அக்கவுன்ட்டை மட்டும் அழிச்சுட்டு புதுசா போட்டுக்கலாம், ஃபார்மேட் தேவையில்ல.

நிறைய பேர் கோட்டை விடுறது டி டிரைவ்ல தான். கணக்கை டில வச்சா சேஃப்னு நினைக்கிறாங்க, ஆனா சாதாரணமா டி டிரைவ்ல லாகின் பண்ற யார் வேணா ஃபைலை மாத்தலாம் அழிக்கலாம், விண்டோஸ் டீஃபால்ட்டாவே அப்படித்தான் பர்மிஷன் குடுக்குது. அதனால கடை டேட்டாவை உங்க அக்கவுன்ட்டோட டாக்குமென்ட்ஸ்குள்ள கொண்டு வாங்க, பில்லிங் சாஃப்ட்வேர்லயும் டேட்டா இருக்குற இடத்தை (பாத்) மாத்திடுங்க, பையன் அக்கவுன்ட்ல இருந்து அது திறக்காது.

பழைய பில்லிங் சாஃப்ட்வேரா இருந்தா ஸ்டாண்டர்டுல ஓடாம அடம் பிடிக்கலாம். உடனே திரும்ப அட்மின் ஆக்கிடாதீங்க, தயவு செஞ்சு! அது இன்ஸ்டால் ஆன ஃபோல்டர்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி போய் உங்க பேருக்கு மட்டும் மாடிஃபை டிக் போடுங்க, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் தான், மொத்த சி டிரைவுக்கும் இல்ல.

இன்னொன்னு, ஃபைலை பூட்டிட்டு காசு கேக்குற ரான்சம்வேர் வைரஸுக்கு அட்மின் பவரே வேண்டாம், நீங்க திறக்க முடியுற ஃபைலை அதுவும் உங்க பேர்லயே பூட்டிடும். அதனால வாரம் ஒரு நாள் கடை சாத்துறப்ப எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்துட்டு கேபிளை கழட்டி வச்சுடுங்க, சொருகியே இருந்தா அதையும் சேத்து பூட்டிடும்.