பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு: வேர்டின் பிழைச் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: வேர்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்த அறிக்கைகள் தயாரிக்கிறேன். தமிழ்ப் பகுதியில் கிட்டத்தட்ட எல்லாச் சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு வருகிறது. சில பத்திகளில் மட்டும் ஒரு கோடுகூட வருவதில்லை. பார்த்தால் அங்கேயும் பிழைகள் இருக்கின்றன. ஆங்கிலப் பகுதியில் அது காட்டும் திருத்தங்களை அப்படியே ஏற்றுக்கொண்டால் சில இடங்களில் பொருளே மாறிவிடுகிறது. இந்தக் கருவியை நம்பலாமா? இல்லை, கோடுகளை மொத்தமாக நிறுத்திவிடலாமா?

பதில்: சிவப்புக் கோடுகளைப் பிறகு பார்ப்போம். கோடே வராத அந்தச் சில பத்திகளை முதலில் கவனியுங்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒரு பத்தியில் கோடு இல்லாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வேர்ட் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று விட்டிருக்கலாம். அல்லது அந்தப் பத்தியைச் சோதிக்கவே இல்லாமல் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அந்தப் பத்தியின் நடுவில் கர்சரை வைத்து, ‘வணக்ம்’ என்று வேண்டுமென்றே தப்பாக அடித்து, ஸ்பேஸ் தட்டிவிட்டுச் சில நொடிகள் பொறுங்கள். கோடு வரவில்லை என்றால் அங்கே சோதனை நடக்கவில்லை. பத்தியைத் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ பட்டியில் லாங்குவேஜ், அதற்குள் ‘செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ்’ என்று போங்கள். திறக்கும் பெட்டியின் அடியில் எழுத்துப்பிழை, இலக்கணம் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த டிக்கை நீங்கள் போட்டிருக்கவே மாட்டீர்கள். வேறு கோப்பிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ வெட்டி ஒட்டும்போது எழுத்துகளோடு சேர்ந்து மொழி அமைப்பும் வந்துவிடும். பல பேர் எழுதிய பகுதிகளை ஒன்றுசேர்க்கும் அறிக்கைகளில் இது சர்வ சாதாரணம். ஒட்டும்போது ‘கீப் டெக்ஸ்ட் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

இதே வகையில் இன்னொரு மறைவிடமும் இருக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் என்று போனால், முழுக்கப் பெரிய எழுத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களையும், எண் கலந்த சொற்களையும் விட்டுவிடு என்ற இரண்டு டிக்குகள் தொடக்கத்திலேயே போடப்பட்டிருக்கும். ஆங்கிலத் தலைப்பைப் பெரிய எழுத்தில் அடிப்பவர்கள் பலர். ஆக, அறிக்கையிலேயே எல்லோர் கண்ணிலும் முதலில் படுகிற வரியை வேர்ட் பார்ப்பதே இல்லை! அட்டையில் பிழையோடு போகும் அறிக்கைகளுக்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். இறுதிச் சோதனைக்கு முன் அந்த முதல் டிக்கை எடுத்துவிடுங்கள்.

சரி, சிவப்புக் கோட்டுக்கு வருவோம். தமிழ்ச் சொல்லுக்குக் கீழே கோடு வந்தால், முதலில் அது எந்த எழுத்துருவில் அடித்தது என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள், புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும். வேர்ட் பார்ப்பது அந்தக் குவியலைத்தான், அதனால் கோடு போடுகிறது. இதற்கு எந்த அகராதியும் உதவாது. உரையை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இதைச் செய்துதரும். மாற்றிய பிறகு ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஒருங்குறியில்தான் இருக்கிறது என்றால் அடுத்த காரணம் மொழி. முன்பு சொன்ன ‘செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ்’ பெட்டியில் உள்ள மொழிப் பட்டியலில் தமிழ் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் பெயரோடு இருக்கும். எதன் பக்கத்தில் ஏபிசி எழுத்தும் டிக்கும் சேர்ந்த சின்னம் இருக்கிறதோ, அதற்குத்தான் உங்கள் கணினியில் சோதனைக் கருவி இருக்கிறது. எதிலும் அந்தச் சின்னம் இல்லை என்றால் ஆப்ஷன்ஸில் லாங்குவேஜ் பகுதிக்குப் போய், தமிழைச் சேர்த்து, அதன் ப்ரூஃபிங் கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும் அறிக்கை என்றால் பத்தி பத்தியாக மொழி மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். தமிழ்ப் பத்திக்கு ஒரு ஸ்டைல், ஆங்கிலப் பத்திக்கு ஒரு ஸ்டைல் என்று வைத்து, ஸ்டைலுக்குள்ளேயே மொழியையும் குறித்துவிடலாம். ஒரு முறை செய்தால் போதும்.

வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டர் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அதன் மொழி அமைப்பில் தமிழ், ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற தனி வரிசையில் வரும். மேல் வரிசையில் தேடினால் கிடைக்காது.

இதையெல்லாம் செய்த பிறகும் சரியான தமிழ்ச் சொற்கள் சிலவற்றுக்குக் கோடு வரத்தான் செய்யும். அது ஏன் என்று தெரிந்துகொண்டால் கருவி மேல் கோபம் வராது. எழுத்துப்பிழைக் கருவிக்குப் பொருள் தெரியாது. நீங்கள் அடித்த சொல் அதன் பட்டியலில் இருக்கிறதா, அல்லது அதற்குத் தெரிந்த விதிகளின்படி உருவாகக்கூடியதா என்று மட்டும்தான் பார்க்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்கு நாலைந்து வடிவங்கள். தமிழில் ‘செய்’ என்ற ஒரு வேரிலிருந்து செய்தான், செய்தவர்களுக்கு, செய்யாதவர்களிடமிருந்துகூட, செய்துகொண்டிருந்தபோதெல்லாம் என்று வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்ற முடியாது. விகுதிகள் சேரும் முறையை விதிகளாக எழுதித்தான் சமாளிக்க வேண்டும். லிப்ரே ஆபிஸும் ஃபயர்பாக்ஸும் பயன்படுத்தும் ஹன்ஸ்பெல் என்ற கருவி ஹங்கேரிய மொழிக்காக லாஸ்லோ நேமெத் என்பவர் உருவாக்கியது. அதன் பெயரிலேயே ஹங்கேரி இருக்கிறது. அந்த மொழியும் நம் மொழி மாதிரியே ஒட்டுகளை அடுக்கிக்கொண்டே போகும்.

அதனால் ‘ஆட் டு டிக்‌ஷனரி’ கொடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ‘முருகேசன்’ என்று சேர்த்தால் அந்த ஒரு வடிவம் மட்டும்தான் சேரும். ‘முருகேசனுக்கு’, ‘முருகேசனோடு’ இரண்டுக்கும் கோடு தொடரும். அடிக்கடி வரும் வேற்றுமை வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள். லிப்ரே ஆபிஸில் சொந்த அகராதியில் ஒரு சொல்லைச் சேர்க்கும்போது, ‘இந்தச் சொல்லைப் போலவே இதுவும் விகுதி ஏற்கும்’ என்று ஒரு மாதிரிச் சொல்லைக் காட்டும் வசதி உண்டு. நீங்கள் நிறுவிய தமிழ் அகராதியில் விகுதி விதிகள் இருந்தால் இது பெரிய வேலை மிச்சம்.

அவசரத்தில் தப்பான சொல்லையே சேர்த்துவிட்டால் அந்தப் பிழை இனி எந்தக் கோப்பிலும் காட்டப்படாது. ப்ரூஃபிங் பக்கத்தில் ‘கஸ்டம் டிக்‌ஷனரீஸ்’ போய்ச் சொற்பட்டியலைத் திறந்தால் நீங்கள் சேர்த்தது எல்லாம் இருக்கும். அவ்வப்போது ஒரு பார்வை பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத தமிழ்ப் பிழைகள்

கீழே உள்ள இரண்டையும் பாருங்கள்.

கௌரவம்
கெளரவம்

பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். முதலாவதில் ‘கௌ’ ஓர் எழுத்து. இரண்டாவதில் ‘கெ’ என்றும் ‘ள’ என்றும் இரண்டு எழுத்துகள். சத்தமாகப் படித்தால் ‘கெ-ள-ர-வம்’. அகராதியில் இருப்பது முதலாவது. அதனால் ‘ஒழுங்காகத்தானே அடித்திருக்கிறேன், ஏன் கோடு?’ என்று குழம்பும் சொற்களில் இந்த வகை நிறைய இருக்கும். மௌனம், பௌர்ணமி, சௌகரியம், ஔவையார் எல்லாமே இப்படி மாட்டும். சந்தேகம் வந்தால் அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரே ஒரு முறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். ‘க’ மிஞ்சினால் சரியாக அடித்திருக்கிறீர்கள். ‘கெ’ மிஞ்சினால் தவறு.

இதை ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ஒரே அடியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ‘தெளிவு’, ‘வெள்ளம்’, ‘மெள்ள’ என்று உண்மையிலேயே ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் சொற்கள் இருக்கின்றன. அவை அத்தனையும் கெட்டுப்போகும். ‘கெளரவ’ என்பதை ‘கௌரவ’, ‘மெளன’ என்பதை ‘மௌன’ என்று சொல் சொல்லாக மாற்றுவதுதான் பாதுகாப்பு. துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுவது, ‘எ’ அடிக்க வேண்டிய இடத்தில் அதைப் போலவே இருக்கும் தமிழ் எண் ஏழு விழுவது ஆகியவையும் இதே குடும்பம்தான். அச்சில் பார்த்தால் யாருக்கும் தெரியாதே என்று விட்டுவிடக் கூடாது. அந்தக் கோப்பில் ‘கௌரவம்’ என்று தேடுபவருக்கு அந்தச் சொல் கிடைக்காது.

இன்னொரு வகைப் பிழைக்குச் சிவப்புக் கோடு வரவே வராது. ‘அறை மணி நேரம் காத்திருந்தார்’, ‘பனி நியமன ஆணை’, ‘மணம் உடைந்து போனார்’. ஒவ்வொரு சொல்லும் அகராதியில் இருக்கிறது, அதனால் கருவிக்குப் புகார் இல்லை. ரகர றகரம், னகர ணகரம், லகர ளகர ழகரம் மூன்றும் உங்களுக்கு எங்கே தடுக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட சொற்களைச் சிறு பட்டியலாக எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் கன்ட்ரோல் எஃப் கொடுத்துத் தேடிப் பாருங்கள். நீண்ட அறிக்கையிலும் சில நிமிட வேலைதான்.

வல்லொற்று மிகும், மிகா இடங்களையும் வேர்ட் பார்க்காது. ‘வேலை கொடு’ என்றால் ஒரு பொருள், ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருக்கும் வேல். இரண்டுமே சரியான தமிழ், எது உங்களுக்கு வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதற்கென்றே தமிழில் தனிக் கருவிகள் வந்துவிட்டன. நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப்பிழைகளையும், ‘நாவி’ சந்திப்பிழைகளையும் காட்டும். இரண்டையும் இணையத்தில் பயன்படுத்தலாம். பேராசிரியர் ந. தெய்வசுந்தரம் முயற்சியில் உருவான ‘மென்தமிழ்’ சொல்லாளரிலும் தமிழுக்கான பிழைதிருத்திகள் உள்ளன. தமிழ்ப் பகுதி நீளமாக இருந்தால் வேர்டை மட்டும் நம்பாமல் இவற்றில் ஒன்றிலும் போட்டுப் பாருங்கள் என்பதே என் யோசனை. ஒரே ஒரு எச்சரிக்கை: இணையக் கருவியில் ஒட்டும் உரை உங்கள் கணினியை விட்டு வெளியே போகக்கூடும். வெளியாகக் கூடாத அறிக்கை என்றால் ஒட்டாதீர்கள்.

ஆங்கிலத்தில் பொருள் மாறுவது ஏன்?

தட்டச்சுப் பிழைகளில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே ஓர் எழுத்துத் தவறுதான் என்று 1964-இல் பிரெடரிக் டாமராவ் என்ற கணினி ஆய்வாளர் எழுதினார்: ஓர் எழுத்து மாறியிருக்கும், விட்டுப்போயிருக்கும், கூடுதலாக இருக்கும், அல்லது பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறியிருக்கும். எழுத்துப்பிழைக் கருவிகள் பரிந்துரைகளைத் தேடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். நீங்கள் அடித்ததற்கு எழுத்தளவில் நெருக்கமாக இருக்கும் சொல் முதலில் வரும். நீங்கள் நினைத்த சொல்லாக அது இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்களிலேயே ‘கோஆபரேஷன்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘குபெர்டினோ’ என்ற கலிபோர்னிய ஊரின் பெயர் நுழைந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கருவியின் அகராதியில் இடைக்கோடு போட்ட வடிவம் மட்டும் இருந்தது. கோடு இல்லாமல் அடித்தவர்களுக்கு இந்த ஊரின் பெயரைப் பரிந்துரைத்தது, அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். எனவே ‘சேஞ்ச் ஆல்’ பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். எஃப்7 தட்டி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சிவப்பையும் நீலத்தையும் ஒரே கண்ணால் பார்க்கவும் கூடாது. ஆங்கிலத்தில் சிவப்புக் கோடு பெரும்பாலும் நியாயமான புகார். ஊர்ப் பெயர், ஆள் பெயர் மட்டும் விதிவிலக்கு. நீலக் கோடு இலக்கணம் பற்றிய யூகம். எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை என்று காட்டினால் நின்று பாருங்கள், பல நேரம் அது சொல்வது சரியாக இருக்கும். செயப்பாட்டு வினையை மாற்று, வாக்கியத்தைச் சுருக்கு என்றால் அது நடை பற்றிய கருத்து, கேட்டே ஆக வேண்டும் என்பதில்லை. ‘தொகை வழங்கப்பட்டது’ என்று எழுத வேண்டிய அறிக்கையில் யார் வழங்கினார் என்று மாற்றி எழுதினால் பொருள் மாறத்தான் செய்யும். ப்ரூஃபிங் பக்கத்தில் ‘ரைட்டிங் ஸ்டைல்’ பக்கத்தில் உள்ள செட்டிங்ஸைத் திறந்து, உங்களுக்கு வேண்டாத நடை விதிகளின் டிக்கை எடுத்துவிடுங்கள். பாதிக் கோடுகள் போய்விடும்.

பலருக்குத் தெரியாத வசதி ஒன்று: சரியான சொல்லையும் ‘இது வந்தால் கோடு போடு’ என்று வேர்டிடம் சொல்லலாம். ‘மேனேஜர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் நடுவில் ஒரு ‘ஏ’ விட்டுப்போனால் மாட்டுத் தீவனத் தொட்டியைக் குறிக்கும் வேறு சொல் கிடைக்கும். அதுவும் அகராதிச் சொல் என்பதால் எழுத்துப்பிழைச் சோதனையில் மாட்டாது. விண்டோஸில் உங்கள் கணக்கின் ஆப்டேட்டா கோப்புறையில், மைக்ரோசாஃப்ட் என்பதற்குள் யூப்ரூஃப் என்று ஒரு கோப்புறை இருக்கும். அதில் ‘எக்ஸ்க்ளூட்’ என்று தொடங்கும் கோப்பில் அந்தச் சொல்லைத் தனி வரியில் எழுதிச் சேமியுங்கள். வேர்டை மூடித் திறந்தால் அதற்குக் கீழே கோடு விழும். லிப்ரே ஆபிஸில் சொந்த அகராதி ஒன்றை ‘எக்ஸப்ஷன்’ என்று குறித்து உருவாக்கினால் அதே பலன்.

கோடுகளை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதும்போது தாராளமாக நிறுத்துங்கள். ப்ரூஃபிங் பக்கத்தின் கடைசியில் ‘இந்தக் கோப்பில் மட்டும் மறை’ என்று எழுத்துப்பிழைக்கு ஒன்றும் இலக்கணத்துக்கு ஒன்றும் கட்டங்கள் உண்டு. மற்ற கோப்புகள் பாதிக்கப்படாது. எழுதி முடித்ததும் அந்த டிக்குகளை எடுத்துவிட்டு, ட்ராக் சேஞ்சஸைப் போட்டுக்கொண்டு எஃப்7 தட்டுங்கள். என்ன மாற்றினோம் என்பது கோப்பிலேயே நிற்கும், அப்புறம் சந்தேகம் வந்தால் பழையதைத் திரும்பக் கொண்டுவரலாம். தொகை, தேதி, பெயர் மூன்றையும் எந்தக் கருவியும் சரிபார்க்காது. அவற்றை மூல ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே ஒப்பிட்டுவிடுங்கள்.