அப்பீல் போட்டு மூன்றரை வருடம், பதிலே இல்லை: இன்னும் காத்திருக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: தரைப்படையில் 24 ஆண்டுகள் வேலை பார்த்து 2021 ஜூலையில் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டில் இரத்த அழுத்தம், 30 சதவீதம், ஆயுள் முழுவதும் என்று போட்டார்கள். ஆனால் அது பணியால் வந்ததல்ல என்றும் எழுதிவிட்டார்கள். டிசெபிலிட்டி பென்ஷன் (உடல் குறைபாட்டுக்கான கூடுதல் பென்ஷன்) கிடையாது என்று நவம்பரில் ரெக்கார்டு ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. 2022 மார்ச்சில் முதல் அப்பீல் அனுப்பினேன். அதற்குப்பின் ஏழு நினைவூட்டல் கடிதம் எழுதிவிட்டேன், பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே ஒரு பதில். சர்வீஸ் பென்ஷன் மட்டும் வருகிறது. அப்பீலுக்குப் பதில் வராமல் வழக்குப் போட முடியாது என்கிறார் நண்பர். அது சரியா? கடந்துபோன வருடங்களுக்குப் பணம் கிடைக்குமா?

பதில்: சார், உங்கள் நண்பர் சொன்னது பாதிதான் சரி. துறைக்குள் முறையிட்டுப் பார்க்காமல் நேராக ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் மனுவைச் சாதாரணமாக ஏற்க மாட்டார்கள், அதுவரை சரி. ஆனால் முறையிட்ட பிறகு எவ்வளவு காலம் பொறுத்திருக்க வேண்டும் என்பதையும் அதே சட்டம் சொல்லியிருக்கிறது. ஆறு மாதம், அவ்வளவுதான். ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007, பிரிவு 21. அப்பீல் கொடுத்து ஆறு மாதம் ஆகியும் உத்தரவு வரவில்லை என்றால், நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் கணக்கில் 2022 செப்டம்பரிலேயே வழக்குப் போடும் உரிமை வந்துவிட்டது, அதன் பிறகு நீங்கள் எழுதிய நினைவூட்டல்களுக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பு எதுவும் இல்லை.

இனி சொல்வது கொஞ்சம் கசக்கும். அடுத்த பிரிவு, 22, காலக்கெடு பற்றியது: அந்த ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து இன்னொரு ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அதாவது 2023 மார்ச்சுக்குள். நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருந்தால் கெடுவும் நீண்டுகொண்டே போகும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், என்னிடம் வரும் முன்னாள் படைவீரர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த நம்பிக்கையோடுதான் தடிமனான ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நீளாது. பழைய விஷயத்துக்கு இன்றைக்கு ஒரு மனு கொடுத்து, அதற்கு ஒரு பதில் வாங்கிவிட்டால் புதிதாக வழக்குரிமை பிறந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சி. ஜேக்கப் வழக்கில் சொல்லிவிட்டது.

அப்போ கேஸ் போச்சா என்று கேட்டால், இல்லை. காரணம், பென்ஷன் மாதாமாதம் வர வேண்டிய பணம். ஒவ்வொரு மாதமும் அது வராமல் போவது ஒவ்வொரு மாதமும் நடக்கும் ஒரு தவறு, அதனால் தாமதத்தைக் காரணம் காட்டி உங்கள் உரிமையையே அடைத்துவிட முடியாது. இதைச் சொன்ன தர்செம் சிங் வழக்கும் உங்களைப் போல ஒரு ஜவானுடையதுதான். அவரை 1983 நவம்பரில் மருத்துவக் காரணத்தால் வீட்டுக்கு அனுப்பினார்கள், அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனது 1999-ல், பதினாறு வருடம் கழித்து. தனி நீதிபதி பென்ஷன் கொடுக்கச் சொல்லி, அரியர்ஸை 38 மாதத்துக்கு மட்டும் கொடுத்தார். டிவிஷன் பெஞ்ச், அதாவது இரு நீதிபதி அமர்வு, ஆரம்பத்திலிருந்தே கொடு என்றது. 2008-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, தாமதமாக வருகிறவருக்கு மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்து அரியர்ஸ்தான் பொதுவாகக் கிடைக்கும் என்று கோடு போட்டது. பென்ஷன் தப்பித்தது, பழைய பணம் போனது.

உங்களுக்கு இது எவ்வளவு ரூபாய் என்று பார்ப்போம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் எம்.எஸ்.பி. என்கிற ராணுவப் பணி ஊதியமும் மற்றதும் சேர்ந்து 50,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்கிறேன், உங்கள் பி.பி.ஓ.வை (பென்ஷன் வழங்கும் ஆணையை) பார்த்துச் சரியான எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். 100 சதவீதக் குறைபாட்டுக்கு அதில் 30 சதவீதம், அதாவது 15,000. உங்களுடையது 30 சதவீதம் என்பதால் 4,500. ஆனால் அங்கே நிற்க வேண்டியதில்லை, 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் முறை இருக்கிறது. பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அது என்று அரசு ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில் முடிவாகிவிட்டது. ஆக 7,500, அதற்கு மேல் அகவிலைப்படி. 2025 அக்டோபரில் மனு போட்டால் அரியர்ஸ் 2022 அக்டோபரிலிருந்து ஓடும், 2021 ஆகஸ்ட் முதல் அதுவரை உள்ள 14 மாதம், ஒரு லட்சத்துச் சொச்சம், அனேகமாகக் கைவிட்டுப் போனது. நவம்பரில் போட்டால் இன்னும் ஒரு 7,500 குறையும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வரிக்கு நீங்கள் மாதாமாதம் கட்டுகிற வாடகை இது.

இதெல்லாம் 2021-ல் வெளியே வந்த உங்களுக்கான கணக்கு. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வந்தவர்களுக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன, அவர்கள் இதைத் தங்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சரி, கேஸ் ஜெயிக்குமா? அதற்கு அப்பீல் நகல் எனக்குத் தேவையில்லை, மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழு நகல் வேண்டும். நீங்கள் அனுப்பியதில் கடைசிப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அதில் நோயின் பெயருக்கு எதிரே இரண்டு கட்டம்: பணியால் வந்ததா, இல்லை. பணியால் மோசமானதா, இல்லை. இதைத்தான் நம் ஆட்கள் ‘நானா’ கேஸ் என்பார்கள், இரண்டுமே இல்லை என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். காரணம் என்ற கட்டத்தில் ஒன்றரை வரி: அமைதிப் பகுதியில் இருந்தபோது தொடங்கியது, களப்பணியோடு நெருங்கிய தொடர்பு இல்லை. இந்த ஒன்றரை வரியை நான் எத்தனை ஃபைலில் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை, ஆள் வேறு, ரெஜிமெண்ட் வேறு, வரி அதே வரி.

உங்களுக்குச் சாதகமான இடமும் இதுதான். 2013-ல் தரம்வீர் சிங் வழக்கு. ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் 1985-ல் சேர்ந்த சிப்பாய், வலிப்பு நோய் என்று 1994-ல் வெளியேற்றினார்கள், பணியால் வந்ததல்ல என்று பென்ஷனை மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் சொன்னது: சேரும்போது நல்ல உடம்போடு சேர்ந்தார், அப்போதைய ஆவணத்தில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை, அப்படியானால் பின்னால் வந்தது பணியால் வந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு ஜவானுடையதல்ல, அரசுடையது. 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கிலும், காரணம் சொல்லாத மெடிக்கல் போர்டு கருத்தை வைத்துப் பென்ஷனை மறுக்க முடியாது என்றே தீர்ப்பு வந்தது. ஷேப்-1, அதாவது முழு உடல் தகுதியோடு சேர்ந்து 24 வருடம் ஓட்டியவர் நீங்கள்.

ஆனால் நூறு சதவீதம் ஜெயம் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்கிற வக்கீலிடம் ஜாக்கிரதையாக இருங்கள். மெடிக்கல் போர்டு கருத்துக்கே மதிப்புக் கொடுத்து ஜவானுக்கு எதிராகப் போன தீர்ப்புகளும் இருக்கின்றன, 2019-ன் நர்சிங் யாதவ் வழக்கு அப்படிப்பட்டதுதான். அதனால்தான் முழு நகலைக் கேட்கிறேன். முதல் பக்கங்களில் நீங்கள் எந்த வருடம் எங்கே இருந்தீர்கள், அது களமா அமைதிப் பகுதியா என்று ஒரு அட்டவணை இருக்கும். நோய் கண்டுபிடித்த தேதியை அதோடு ஒட்டிப் பாருங்கள். ஜம்மு காஷ்மீரிலோ உயரமான பகுதியிலோ இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு இறங்கி வந்த சில மாதத்தில் பி.பி. தெரியவந்திருந்தால், ‘அமைதிப் பகுதியில் தொடங்கியது’ என்ற வரிக்குப் பெரிய பலம் இருக்காது. அதே நகலில் உடல் எடை, புகை, குடி பற்றி டாக்டர் ஏதாவது குறித்திருக்கிறாரா என்றும் பாருங்கள், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும். இருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள், பதில் மனுவில் அதைப் பார்த்து நான் திகைப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நகல் வாங்க ஆர்.டி.ஐ. போதும். ரெக்கார்டு ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு, உங்கள் ஆர்மி நம்பரைக் குறிப்பிட்டு, மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழு நகல், சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு, அப்பீல் இப்போது எந்தக் கட்டத்தில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, இந்த மூன்றும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதித் தருவார்கள், சுலபமான வேலைதான். ஆனால் இந்தப் பதில் வரட்டும் என்று வழக்கைத் தள்ளிப் போடாதீர்கள், கையில் இருப்பதை வைத்தே மனு போட்டு, நகலைப் பின்னால் தாக்கல் செய்யலாம். இணையத்தில் மத்திய அரசின் குறைதீர்ப்பு தளத்தில் புகார் போடலாமா என்று சிலர் கேட்பார்கள், போடலாம், சில சமயம் ஃபைல் நகரும். ஆனால் அங்கே வரும் ‘தீர்க்கப்பட்டது’ என்ற செய்தி உத்தரவு ஆகாது, காலக்கெடுவையும் நிறுத்தாது.

மனு தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையில். தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு தனி மனுவும் சேர்த்து. அந்தப் பிரமாணப் பத்திரத்தில் உங்கள் ஏழு நினைவூட்டலும் ஒரு வழியாக உபயோகப்படும்: தூங்கவில்லை, துறையை நம்பிக் காத்திருந்தேன் என்று காட்ட. 2022 மார்ச் ரசீதும் ஒப்புகை அட்டையும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அப்பீலே வரவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவது உண்டு. இன்னொன்று, வழக்கு நடக்கும்போது திடீரென்று அப்பீலை நிராகரித்து ஒரு உத்தரவு வரும், மூன்றரை வருடம் முடியாதது நோட்டீஸ் போன ஆறு வாரத்தில் முடியும். பதற வேண்டாம், அந்த உத்தரவையும் எதிர்த்து மனுவைத் திருத்திக்கொள்ளலாம்.

தீர்ப்பு வந்த பிறகும் ஒரு காத்திருப்பு இருக்கிறது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் மூன்று மாத அவகாசம் கொடுத்து, தவறினால் வட்டி என்று உத்தரவு வரும். மூன்று மாதத்தில் பிரயாக்ராஜில் உள்ள ராணுவப் பென்ஷன் கணக்கு அலுவலகத்திலிருந்து திருத்திய பி.பி.ஓ. வந்துவிட்டால் அதிர்ஷ்டம். வராவிட்டால் பிரிவு 29-ன்கீழ் நிறைவேற்று மனு போட வேண்டும். அரசு மேலே போகவும் கூடும், 2023-ல் உச்ச நீதிமன்றம் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று சொன்னபின் அந்த வழியும் திறந்திருக்கிறது.

கட்டணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும். அரியர்ஸில் இத்தனை சதவீதம் என்று பேசுகிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள், ஜெயித்தால் பங்கு என்று வக்கீல் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. பணம் கஷ்டம் என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 1987 சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல் பெறும் உரிமை இருக்கிறது, சான்றிதழ் மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

கடைசியாக, உங்கள் வீட்டம்மாவிடம் இந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எதற்கானது என்று சொல்லி வையுங்கள். தீர்ப்பாயச் சட்டம் ஓய்வு பெற்றவரின் வாரிசுகளுக்கும் வழக்கு நடத்தும் உரிமை கொடுத்திருக்கிறது, ஆனால் கணவர் போன பிறகு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து, இதில் எது என்ன என்று தெரியவில்லை சார் என்று எதிரே உட்காருகிறவர்களுக்கு நான் முதல் இரண்டு மாதத்தைத் தாள்களை அடுக்கவே செலவழிக்க வேண்டியிருக்கிறது. ஆர்.டி.ஐ.யை இந்த வாரமே அனுப்புங்கள். எட்டாவது நினைவூட்டல் வேண்டாம்.